இதயத் துடிப்பைக் குலைக்கும் தன்னெதிர்ப்பொருள்கள்: ஓர் எளிய விளக்கம்

கொரோனா காலத்துக்குப் பிறகு ‘ஆன்டிபாடி’ என்ற சொல் வீட்டுப் பேச்சிலும் புழங்கத் தொடங்கிவிட்டது. அது உடம்பைக் காக்கும் பொருள், எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதே பலருடைய எண்ணம். அதே பொருள் ஒருவருடைய சொந்த உடம்புக்கு எதிராகவும் உருவாகலாம், இதயத் துடிப்பையே மாற்றிவிடலாம் என்று கேள்விப்பட்டவுடன் இந்த எண்ணம் நேர்மாறாகிவிடுகிறது. இரத்தப் பரிசோதனை அறிக்கையில் அப்படி ஒன்று தென்பட்டாலே இதயம் தாக்கப்பட்டுவிட்டதாகச் சிலர் அஞ்சுகிறார்கள். படபடப்பு உள்ள வேறு சிலர், காரணம் தெரியாத எல்லாவற்றையும் அதன் தலையில் சுமத்துகிறார்கள். உண்மை நிலை இவ்வளவு எளிதல்ல. சொந்த உடம்புக்கு எதிரான இந்த ஆன்டிபாடி, அதாவது தன்னெதிர்ப்பொருள், சில துடிப்புக் கோளாறுகளுக்கு நேரடிக் காரணம். சிலவற்றில் அது ஏற்கெனவே இருக்கும் கோளாறை மிகைப்படுத்துகிறது. வேறு சிலவற்றில் அது சேதத்தின் விளைவாகத் தோன்றியதாகவும் இருக்கக்கூடும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, முதலில் துடிப்பு எப்படி உண்டாகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

துடிப்பு எப்படிப் பரவுகிறது

மேல்வயலுக்கும் கீழ்வயலுக்கும் நடுவே ஓர் உயரமான வரப்பும், அந்த வரப்பில் ஒரே ஒரு மடையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேல்வயலில் பாயும் நீர் அந்த மடை வழியாக மட்டுமே கீழ்வயலுக்கு இறங்க முடியும். மடை குறுகலானது என்பதால் சற்றுத் தாமதித்தே இறங்கும். எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதை நீர்க்கட்டி, அதாவது பாசன நீரைத் திறந்துவிடும் ஆள், பார்த்துக்கொள்கிறார்.

இதயத்தின் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவிலும் இப்படியொரு வரப்பு உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தாத நார்த்திசு. வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு என்ற சிறு திசுப்பகுதியில் ஒவ்வொரு துடிப்புக்குமான மின்தூண்டல் பிறக்கிறது. அது மேலறைகளில் பரவி, ஏவி கணு என்ற ஒரே மடை வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. ஏவி கணுவில் ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி தாமதம் நேர்கிறது. மேலறைகள் சுருங்கி இரத்தத்தைக் கீழே தள்ளி முடிப்பதற்கு அந்த அவகாசம் தேவை. இந்தக் கணுவை விரிவாக விவரித்தவர் ஜப்பானிய மருத்துவரான சுனாவோ தவாரா, ஆண்டு 1906. சைனஸ் கணுவை அதற்கு அடுத்த ஆண்டு ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் இங்கிலாந்தில் கண்டறிந்தார்கள்.

இங்கே ‘மின்சாரம்’ என்று சொல்வது உண்மையில் அயனிகளின் நகர்வு. சோடியம், கால்சியம், பொட்டாசியம் போன்ற மின்னேற்றம் கொண்ட அணுக்களே அயனிகள். இவை உயிரணுவுக்குள் நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் உயிரணுச் சவ்வில் பதிந்திருக்கும் புரதத் துளைகளுக்கு அயனிக் கால்வாய்கள் என்று பெயர். இதயத் தசையின் பெரும்பகுதி சோடியத்தைக் கொண்டு தூண்டலைத் தொடங்குகிறது. சைனஸ் கணுவும் ஏவி கணுவும் மட்டும் கால்சியத்தை நம்பியிருக்கின்றன. இந்த வேறுபாடு பின்னர் மிகவும் முக்கியமாகப் போகிறது.

நீர்க்கட்டியின் கட்டளையைக் கேட்கும் உறுப்பும் சவ்வில் உண்டு. அட்ரினலின் போன்ற செய்திப் பொருள்கள் வந்து அமரும் அந்தப் புரதங்களை ஏற்பிகள் என்கிறோம். பீட்டா-1 ஏற்பியில் அட்ரினலின் அமர்ந்தால் துடிப்பு விரைகிறது. எம்-2 ஏற்பியில் அசிட்டைல்கோலின் அமர்ந்தால் தணிகிறது.

ஆக, சீரான துடிப்புக்கு மூன்று தேவை: அயனிக் கால்வாய்கள் உரிய நேரத்தில் திறந்து மூட வேண்டும், ஏற்பிகளுக்கு உரிய கட்டளை மட்டுமே வர வேண்டும், தூண்டல் செல்லும் திசு சிதையாமல் இருக்க வேண்டும்.

தன்னெதிர்ப்பொருள் என்பது என்ன

எதிர்ப்பொருள் என்பது இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான பி அணுக்களின் வழித்தோன்றல்கள் சுரக்கும், ‘ஒய்’ வடிவப் புரதம். அதன் இரு கரங்களின் நுனியும் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறின் ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் பற்றிக்கொள்ளும். கிருமியின் புரதத்துக்குப் பதிலாக உடம்பின் சொந்தப் புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளே தன்னெதிர்ப்பொருள். மருத்துவர்கள் ஆட்டோஆன்டிபாடி என்பார்கள். இவற்றில் நமக்கு இங்கே வேண்டியது ஐஜிஜி என்ற வகை. இரத்தத்தில் இதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ மூன்று வாரமாகும். நஞ்சுக்கொடியைக் கடந்து தாயிடமிருந்து சிசுவுக்குச் செல்லும் எதிர்ப்பொருள் வகையும் இது ஒன்றே.

தன்னெதிர்ப்பொருள் இருப்பதாலேயே ஒருவர் நோயாளி ஆகிவிடுவதில்லை. உயிரணுக் கருவிலுள்ள பொருள்களைப் பற்றும் தன்னெதிர்ப்பொருள்களைத் தேடும் ஏஎன்ஏ என்ற பொதுச் சோதனையை எடுத்துக்கொள்வோம். பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து செய்து 1997-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இரத்த நீரை 40 மடங்கு நீர்த்துச் சோதித்தபோது நலமாக இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு ‘பாசிட்டிவ்’ என்று வந்தது. 160 மடங்கு நீர்த்தபோதும் 5 சதவீதத்தினருக்கு அப்படியே வந்தது. அறிக்கையில் அந்த ஒரு சொல்லைப் பார்த்துத் தூக்கம் இழப்பவர்கள் இந்த எண்களை நினைவில் கொள்வது நல்லது.

துடிப்பைக் குலைக்கும் மூன்று வழிகள்

மடையில் கைவைக்க விரும்பும் ஒருவர், எதையும் உடைக்காமல் வாயிலில் உட்கார்ந்து நீரைத் தடுக்கலாம். நீர்க்கட்டியின் கட்டளையைப் போலியாகக் கொடுத்து மடையைத் திறந்தே வைத்திருக்கலாம். அல்லது மடையையே தூர்த்துவிடலாம். தன்னெதிர்ப்பொருள்களும் இந்த மூன்றையும் செய்கின்றன. அயனிக் கால்வாயில் ஒட்டிக்கொண்டு அயனி ஓட்டத்தைக் குறைப்பது முதல் வழி. ஏற்பியில் அமர்ந்து அட்ரினலின் வந்ததுபோல் தூண்டுவது இரண்டாவது. அழற்சியைக் கிளப்பி, உயிரணுக்கள் மடிந்த இடத்தில் நார்த்தழும்பை விட்டுச் செல்வது மூன்றாவது. முதல் இரண்டிலும் எதிர்ப்பொருள் விலகினால் துடிப்பு சீராக வாய்ப்புண்டு. மூன்றாவதில் தழும்பு அப்படியே தங்கிவிடும். ஒரே எதிர்ப்பொருள் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் செயல்படுவதும் உண்டு என்பதற்கு அடுத்து வரும் நோயே சிறந்த எடுத்துக்காட்டு.

தெளிவான சான்று: பிறவி இதயக் கடத்தல் தடை

நம் ஊரில் ‘இதயத்தில் பிளாக்’ என்றால் இரத்தக் குழாய் அடைப்பையே நினைப்போம். இங்கே சொல்லப்படுவது அதுவன்று. ஏவி கணு வழியாக மின்தூண்டல் இறங்காமல் போவதே கடத்தல் தடை. அப்போது சைனஸ் கணுவும் மேலறைகளும் தம் வேகத்தில் துடிக்க, தூண்டல் வந்து சேராத கீழறைகள் தமக்குள்ளேயே ஊறும் மெதுவான தூண்டலைக் கொண்டு தனியாகத் துடிக்கின்றன. கருவிலுள்ள சிசுவின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 முறை துடிப்பது இயல்பு. கடத்தல் முழுமையாகத் தடைபட்டால் கீழறைகளின் துடிப்பு பெரும்பாலும் 50 முதல் 70 வரை இறங்கிவிடும்.

இதயத்தின் அமைப்பில் எந்தக் குறையும் இல்லாத சிசுக்களுக்கு இது ஏன் வருகிறது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. அத்தகைய குழந்தைகளின் தாய்மார்கள் பலருக்கு, நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் போன்ற இணைப்புத்திசு நோய்கள் இருப்பதை 1970-களில் மருத்துவர்கள் கவனித்தார்கள். அந்தத் தாய்மார்களின் இரத்தத்தில் ‘ரோ’ என்ற புரதத்துக்கு எதிரான தன்னெதிர்ப்பொருள் இருப்பதை பிரிட்டனில் நடந்து 1983-ல் வெளியான ஆய்வு தெளிவாகக் காட்டியது. பரிசோதனை அறிக்கைகளில் இது ‘ஆன்டி-ரோ’ என்றோ ‘எஸ்எஸ்ஏ’ என்றோ குறிக்கப்படும். ‘லா’ அல்லது ‘எஸ்எஸ்பி’ என்ற மற்றொன்று பெரும்பாலும் இதனோடு சேர்ந்தே வரும்.

இங்கே நோயெதிர்ப்பு மண்டலம் தாயுடையது, பாதிக்கப்படும் இதயம் சிசுவுடையது. சிசு அந்த எதிர்ப்பொருளைத் தானே உருவாக்கவில்லை. நஞ்சுக்கொடி வழியாகப் பெற்றுக்கொள்கிறது. எதிர்ப்பொருள் நோயைத் தருகிறதா, நோய் எதிர்ப்பொருளைத் தருகிறதா என்ற வழக்கமான குழப்பத்துக்கு இந்த ஒரு நோயில் இடமில்லாமல் போவது இதனால்தான். காலமும் பொருந்துகிறது: தாயின் ஐஜிஜி இரண்டாவது மும்மாதத்தில் சிசுவை மேன்மேலும் கூடுதலாகச் சென்றடைகிறது, தடை பெரும்பாலும் 18-லிருந்து 24-ஆவது வாரத்துக்குள் தோன்றுகிறது.

இன்னொரு சான்று குழந்தையின் தோலில் தெரிகிறது. இதே எதிர்ப்பொருள்கள் சில குழந்தைகளுக்குத் தோலில் செந்நிறத் தடிப்புகளையும் உண்டாக்கும். தாயின் ஐஜிஜி குழந்தையின் இரத்தத்திலிருந்து மெல்ல மறைய, ஆறு முதல் எட்டு மாதத்துக்குள் அந்தத் தடிப்புகளும் மறைந்துவிடுகின்றன. முழுமையான கடத்தல் தடை மட்டும் மறைவதில்லை. தோலில் இருந்தது கடந்துபோகும் அழற்சி; ஏவி கணுவில் இருப்பது தூர்ந்துபோன மடை.

அது எப்படித் தூர்ந்தது? ‘ரோ’ இயல்பாக உயிரணுவுக்கு உள்ளே இருக்கும் புரதம். எதிர்ப்பொருளோ வெளியே மிதப்பது. இரண்டும் சந்திப்பதற்கு இரண்டு விளக்கங்கள் உள்ளன. வளரும் இதயத்தில் தேவையற்ற உயிரணுக்கள் திட்டமிட்டபடி மடிவது இயல்பு. அப்படி மடியும்போது ‘ரோ’ உயிரணுவின் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது, எதிர்ப்பொருள் அதைப் பற்றுகிறது, மடிந்த உயிரணுக்களை அமைதியாக விழுங்க வேண்டிய துப்புரவு அணுக்கள் இதனால் கிளர்ந்தெழுந்து அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன, முடிவில் தழும்பு உண்டாகிறது என்பது ஒரு விளக்கம். அந்த எதிர்ப்பொருள் கால்சியக் கால்வாயையும் தன் இலக்கைப் போலவே கருதிப் பற்றிக்கொள்கிறது என்பது மற்றொன்று. ஏவி கணு கால்சியத்தை நம்பியே இயங்குகிறது என்று முன்பு பார்த்தோம். சிசுவின் இதயமோ உயிரணுக்களுக்குள் போதிய கால்சியத்தைச் சேமித்து வைக்கும் அளவுக்கு இன்னும் முதிரவில்லை. ஆகையால் வெளியிலிருந்து வரும் ஓட்டம் குறைந்தால் அதற்கு மாற்று இல்லை. 1990-களில் நடந்த சோதனைகளில், உடலிலிருந்து பிரித்து இயங்க வைத்த முயல் இதயத்துக்குள் இத்தகைய தாய்மார்களின் ஐஜிஜியைச் செலுத்தியபோது கடத்தல் தடைபட்டது. இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. முதலில் ஓட்டம் குறைந்து, பிறகு தழும்பு உருவாகலாம்.

இவ்வளவு வலுவான சான்று இருந்தும், ஆன்டி-ரோ உள்ள தாய்மார்களின் முதல் கர்ப்பத்தில் 1 முதல் 2 சதவீதத்தினருக்கே இந்தத் தடை நேர்கிறது என்பதைப் பலரும் சொல்லத் தவறுகிறார்கள். 98 சதவீதக் குழந்தைகளின் இதயக் கடத்தலுக்கு ஒன்றும் நேர்வதில்லை. முன்பு ஒரு குழந்தைக்கு இது நேர்ந்திருந்தால் அடுத்த கர்ப்பத்தில் வாய்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒன்றாக உயர்கிறது. ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்த இரட்டையரில்கூட ஒரு குழந்தைக்கு வந்து மற்றதற்கு வராமல் இருந்ததுண்டு. அதே எதிர்ப்பொருளை ஆண்டுக்கணக்கில் சுமக்கும் தாயின் ஏவி கணுவோ வழக்கமாக நலமாகவே இருக்கிறது. எதிர்ப்பொருள் இன்றியமையாதது, ஆனால் அது மட்டுமே போதாது என்பதே இதன் பொருள்.

தாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாமல், சிசுவின் துடிப்பு குறைந்ததைக் கண்டபின் சோதித்தே தனக்கு இந்த எதிர்ப்பொருள் இருப்பதை அறிந்துகொள்பவர்களும் பலர். தடை முழுமையடைந்துவிட்டால் இன்றுள்ள மருந்து எதுவும் அதை நீக்குவதில்லை. உயிர்பிழைக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பிறகு பேஸ்மேக்கர் தேவைப்படுகிறது. எனவே கவனம் தடுப்பின் மீது திரும்பியது. முன்பு பாதிக்கப்பட்ட குழந்தையைப் பெற்ற தாய்மார்களுக்கு, கர்ப்பத்தின் 10-ஆவது வாரத்துக்கு முன்பே, லூபஸுக்குத் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மருந்தைத் தொடங்கிப் பார்த்த ஓர் ஆய்வின் முடிவு 2020-ல் வெளியானது. மீண்டும் தடை நேர்ந்தது 7.4 சதவீதத்தினருக்கு. முந்தைய அளவோடு ஒப்பிட்டால் இது பாதிக்கும் குறைவு.

சுருக்கமாக: தாயின் ஆன்டி-ரோ சிசுவின் ஏவி கணுவைப் பாதிக்கிறது, பாதிப்பு அரிது, நேர்ந்துவிட்டால் பெரும்பாலும் நிலையானது.

வளர்ந்தவர்களிடம் ஆன்டி-ரோ

வளர்ந்தவர்களிடம் இதே எதிர்ப்பொருள் வேறொரு கால்வாயை நாடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு பொட்டாசியம் வெளியேறினால்தான் இதய உயிரணு அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகும். அந்த மீட்சி தாமதமானால் ஈசிஜியில் ‘க்யூடி’ என்ற இடைவெளி நீளும். மிகவும் நீண்டால் கீழறைகள் கட்டுப்பாடின்றி விரைந்து துடித்து மயக்கமோ திடீர் மரணமோ நேரலாம். ஆன்டி-ரோ இந்தப் பொட்டாசியக் கால்வாயில் ஒட்டி ஓட்டத்தைக் குறைப்பதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். ‘ரோ’ புரதத்தைச் செலுத்திக் கினி எலிகளில் இந்த எதிர்ப்பொருளை உண்டாக்கியபோது அவற்றின் க்யூடியும் நீண்டது. இங்கே தழும்பு கிடையாது. மடை வாயிலில் யாரோ உட்கார்ந்திருக்கும் நிலைதான்.

பெரும்பாலோருக்கு இந்த நீட்சி சிறிதளவே. அசித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள், இரத்தத்தில் பொட்டாசியக் குறைவு, பிறவியிலேயே சற்று வலுக்குறைந்த கால்வாய் ஆகியவற்றில் ஒன்று இதனுடன் சேரும்போதுதான் கவலை கூடுகிறது. சிசுவைக் காக்கத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயினே க்யூடியை நீட்டக்கூடியது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் அந்த மருந்து கெட்டது என்றாகிவிடாது. ஈசிஜி பார்த்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்ள வேண்டியது என்பது மட்டுமே.

ஏற்பியில் அமரும் போலிக் கட்டளை

இதயம் விரிந்து வலுவிழக்கும் தசைநோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு பீட்டா-1 ஏற்பிக்கு எதிரான தன்னெதிர்ப்பொருள் காணப்படுகிறது. ‘எதிரான’ என்ற சொல்லைக் கொண்டு அது ஏற்பியை அடைத்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது, அது தூண்டுகிறது. அட்ரினலின் வந்து, வேலை முடிந்ததும் விலகிவிடும். ஏற்பியும் நீண்ட தூண்டலுக்குச் செவிசாய்க்காமல் தன்னை மந்தமாக்கிக்கொள்ளும். எதிர்ப்பொருளோ எளிதில் விலகுவதில்லை. ஏற்பியும் முன்போல மந்தமாவதில்லை. அதனால் உயிரணுவுக்குள் கால்சியம் மிகுந்து, மிகைத் துடிப்புகளுக்கு வழி பிறக்கிறது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்கில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இந்த எதிர்ப்பொருள் கொண்ட எலிகளின் இரத்த நீரை நலமான எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் இதயமும் நாளடைவில் விரிந்து வலுவிழந்தது.

தென்னமெரிக்காவின் சாகஸ் நோயில் இது கிருமியோடு பின்னிக் கிடக்கிறது. பிரேசில் மருத்துவர் கார்லோஸ் சாகஸ் 1909-ல் விவரித்த இந்நோய் ஓர் ஒட்டுண்ணியால் வருவது. அதன் புரதமொன்றின் சிறு பகுதி பீட்டா-1 ஏற்பியின் ஒரு பகுதியை ஒத்திருப்பதால், ஒட்டுண்ணியை நோக்கி உருவான எதிர்ப்பொருள் இதயத்தையும் பற்றுகிறது. எம்-2 ஏற்பியைத் தூண்டித் துடிப்பை மந்தமாக்கும் எதிர்ப்பொருள்களும் இந்நோயாளிகளிடம் உண்டு. இருப்பினும் ஒட்டுண்ணியும் அது விட்ட தழும்பும் இதயத்திலேயே இருக்கும்போது, எவ்வளவு பங்கு எதனுடையது என்று பிரிப்பது கடினம்.

மின்பாதையைத் தொடாமலே துடிப்பைக் குலைப்பவை

கிரேவ்ஸ் நோயில் எதிர்ப்பொருள் தைராய்டு சுரப்பியின் ஏற்பியைத் தூண்டுகிறது. சுரப்பி மிகையாகச் சுரக்கிறது. அந்த ஹார்மோனே மேலறைகளில் ஒழுங்கற்ற நடுக்கத் துடிப்பை உண்டாக்குகிறது. இந்தியாவில் இன்னும் கணிசமாகக் காணப்படும் வாதக் காய்ச்சலில், தொண்டையைத் தாக்கிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவை நோக்கி எழுந்த எதிர்ப்பு இதய வால்வுகளையும் புண்படுத்துகிறது. சுருங்கிய வால்வினால் இடது மேலறை ஆண்டுக்கணக்கில் விரிந்து, பின்னொரு நாளில் அதே நடுக்கத் துடிப்பில் கொண்டுபோய் விடுகிறது. இவ்விரண்டிலும் தொடக்கப் புள்ளி நோயெதிர்ப்பு மண்டலமே. ஆனால் சிகிச்சை பெற வேண்டியது ஒன்றில் தைராய்டு, மற்றதில் வால்வு.

காரணமா, விளைவா

ஒரு நோய் தன்னெதிர்ப்பால் வருவதுதான் என்று எப்படி உறுதி செய்வது என்பதற்கான அளவுகோல்களை எர்னஸ்ட் விட்டெப்ஸ்கியும் நோயல் ரோஸும் 1957-லேயே வகுத்தார்கள். நோயாளியிடம் அந்த எதிர்ப்பொருளைக் கண்டுவிடுவது முதல் படி மட்டுமே. அதற்குரிய புரதத்தைக் கொண்டு விலங்கில் அதே பாதிப்பை உண்டாக்கிக் காட்டுவது போன்ற படிகள் அதன்பின் உள்ளன. பிற்காலத்தில், எதிர்ப்பொருளை மட்டும் மாற்றிச் செலுத்தினாலே நோய் வருகிறதா என்பது மிக வலுவான சான்றாகக் கொள்ளப்பட்டது. பிறவிக் கடத்தல் தடையில் இந்த மாற்றிச் செலுத்தலை நஞ்சுக்கொடியே செய்துவிடுகிறது.

எல்லா நோயிலும் இவ்வளவு தெளிவு கிடையாது. வலது கீழறைத் தசை கொழுப்பாகவும் நாராகவும் மாறும் ஒரு மரபணு நோயை எடுத்துக்கொள்ளலாம். உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் டெஸ்மோக்ளீன்-2 என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இந்நோயாளிகளிடம் இருப்பதை டொராண்டோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018-ல் அறிவித்தார்கள். மரபணுக் குறையால் பிணைப்புகள் அறுந்து, மறைந்திருந்த புரதம் வெளிப்பட்டதால் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கலாம். உருவான பின் அது பிணைப்புகளை மேலும் குலைக்கவும் செய்யலாம். நோயைக் கண்டறிய அது உதவக்கூடும் என்பதும், அதுவே நோயின் மூலகாரணம் என்பதும் ஒன்றல்ல.

யாருக்குச் சோதனை தேவை

படபடப்பு உள்ள எல்லோருக்கும் தன்னெதிர்ப்பொருள் சோதனை தேவையில்லை. பீட்டா-1, எம்-2 ஏற்பிகளுக்கான சோதனைகள் பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவு மாறுவதால் அவற்றை வைத்து மருந்தைத் தொடங்குவதோ நிறுத்துவதோ வழக்கமில்லை. இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளை வடித்தெடுக்கும் முறையும் சில மையங்களில் முயலப்பட்டது. பொதுச் சிகிச்சையாக நிலைபெறவில்லை.

ஆன்டி-ரோ மட்டும் இதற்கு விலக்கு. லூபஸ் அல்லது ஷோக்ரன் நோய் (கண்ணும் வாயும் உலரும் தன்னெதிர்ப்பு நோய்) உள்ள பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே இதைச் சோதித்துக்கொள்வது பயனுள்ளது. இருப்பது தெரிந்தால், 18-ஆவது வாரத்தை ஒட்டிச் சிசுவின் இதயத்தை எக்கோ மூலம் கண்காணிக்கத் தொடங்குவது பல மையங்களின் நடைமுறை. முழுத் தடைக்கு முந்தைய நிலையில் கண்டுபிடித்தால் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளால் சில சிசுக்களுக்குக் கடத்தல் மீண்டிருக்கிறது. அந்த நிலையிலிருந்து முழுத் தடைக்குச் செல்வது ஒரே நாளிலும் நடந்துவிடக் கூடும் என்பதால், தாயே வீட்டில் சிறு டாப்ளர் கருவியை வைத்து நாள்தோறும் சில முறை துடிப்பைக் கேட்டு, ஒழுங்கு மாறினால் உடனே மருத்துவமனைக்கு வரும் முறையையும் ஆய்வாளர்கள் முயன்றுவருகிறார்கள். வளர்ந்தவர்களுக்குத் தேவையானது இதைவிட எளிது: ஆன்டி-ரோ உள்ளவர்கள் ஓர் ஈசிஜி எடுத்து வைத்துக்கொள்வதும், எந்தப் புதிய மருந்து எழுதப்படும்போதும் தமக்கு அது இருப்பதை மருத்துவரிடம் சொல்வதும்.